சந்தை மந்தமாக இருக்கும்போது வீடு வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் கணவரும் ஐடி வேலையில் இருக்கிறோம். எனக்கு 65,000, அவருக்கு 85,000 கைக்கு வருகிறது. சிறுசேரி பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கிறோம், விலை 75 லட்சம். வங்கி 60 லட்சம் லோன் தரத் தயார். ஆனால் இரண்டு பேர் அலுவலகத்திலும் ஆள் குறைக்கிறார்கள். ஆறு மாதம் பொறுத்தால் விலை இறங்கும் என்கிறார்கள் நண்பர்கள். பொறுக்கலாமா?
வாசகி, மேடவாக்கம்

பதில்: விலை இறங்குமா என்பதை அப்புறம் பார்ப்போம், முதலில் இந்த 60 லட்சம் லோன் வேண்டாம். 20 வருடம், 8.5 சதவீத வட்டி என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 52,000 வரும். நாளைக்கு உங்கள் கணவருக்கு வேலை போனால் உங்கள் சம்பளத்தில் மிச்சம் 13,000. வீடு கட்டி முடியும்வரை வாடகையும் கொடுக்க வேண்டும், இதில் எப்படிக் குடும்பம் நடத்துவீர்கள்? ஒருவர் சம்பளத்திலேயே தவணையும் கட்டி வீட்டுச் செலவையும் பார்க்க முடிகிற அளவுக்குத்தான் இந்த நேரத்தில் கடன் வாங்க வேண்டும். உங்களுக்கு அது 35 லட்சத்தைத் தாண்டக் கூடாது, தவணை 30,000 சொச்சத்தில் நிற்கும்.

சரி, விலை. நம் ஊரில் பில்டர் சதுர அடி விலையை அவ்வளவு சீக்கிரம் வெளிப்படையாகக் குறைக்க மாட்டார், ஏனென்றால் குறைத்த மறுநாளே முன்பு புக் செய்தவர்கள் எல்லாம் வந்து நிற்பார்கள். அதற்குப் பதிலாக கார் பார்க்கிங் இலவசம், மாடுலர் கிச்சன் இலவசம், ஜிஎஸ்டியை நாங்களே கட்டுகிறோம் என்று வரும். இறங்கிய விலை அதில்தான் ஒளிந்திருக்கிறது. விலையைப் பிரித்துக் காட்டும் காஸ்ட் ஷீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு ஃப்ளோர் ரைஸ் (மேல்மாடிக்குக் கூடுதல் விலை), கிளப் ஹவுஸ், கார்பஸ் ஃபண்ட் (பராமரிப்புக்கான வைப்புத் தொகை) என்று ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். இலவசப் பொருள் எதுவும் வேண்டாம், அந்தத் தொகையை விலையில் கழித்துவிடுங்கள் என்று சொல்லுங்கள். பத்திரச் செலவும் கடனும் அந்த அளவுக்குக் குறைய வாய்ப்பு உண்டு.

கட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட் என்பதுதான் என் பெரிய கவலை. ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி வாங்குபவர்களிடம் வசூலிப்பதில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, சொன்ன தேதிக்குத் தராவிட்டால் வட்டியோடு பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நல்ல சட்டம். ஆனால் புது புக்கிங் நின்றுபோனால் மீதி வேலைக்குப் பணம் எங்கிருந்து வரும்? பாதியில் நின்ற கட்டடத்துக்குத் தவணை கட்டிக்கொண்டே, இன்னொரு பக்கம் வாடகையும் கொடுத்துக்கொண்டு, வழக்குக்கும் அலைவது பெரிய கொடுமை.

அதனால் கட்டி முடித்து ஆட்கள் குடியிருக்கும் இடத்தில் ரீசேல் வீடு பாருங்கள். ஜிஎஸ்டி கிடையாது. இப்போது விற்கிறவர்களில் பலர் அவசரத்துக்கு விற்கிறவர்கள், பேசினால் விலை படியும். பார்க்கப் போவதை ராத்திரி எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று கீழே நின்று பாருங்கள், எத்தனை வீடு வாடகைக்கு ஆளில்லாமல் கிடக்கிறது, கோடையில் தண்ணீர் லாரி எத்தனை தடவை வருகிறது என்று செக்யூரிட்டியிடம் கேளுங்கள். புரோக்கர் சொல்லாதது எல்லாம் அங்கே கிடைக்கும்.

இன்னொன்று. மந்தமான காலத்து வட்டி அப்படியே நீடிக்காது. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டி 2020 மே மாதம் 4 சதவீதம், 2023 பிப்ரவரியில் அது 6.5. குறைந்த வட்டியை நம்பி அதிகமாகக் கடன் வாங்கியவர்களுக்குத் தவணையோ வருடமோ எகிறியது.

கேள்வி: 2008இல் அமெரிக்காவில் கடன் கட்ட முடியாதவர்கள் வீட்டுச் சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டுப் போனார்களாமே, இங்கே அப்படிச் செய்யலாமா? எனக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது.
வாசகர், கோவை

பதில்: செய்யாதீர்கள். அங்கே கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில், வீடு வாங்க எடுத்த கடனுக்குப் பெரும்பாலும் அந்த வீடு மட்டும்தான் பொறுப்பு. இங்கே நீங்களும் பொறுப்பு. வங்கி ஏலம் விட்டு வந்த பணம் கடனுக்குப் போதாவிட்டால் மீதியை உங்களிடம் கேட்கும்.

90 நாள் தவணை நின்றால் வாராக்கடன் கணக்கில் போய்விடும், அதன் பிறகு, அடமானச் சொத்தை வங்கி கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்கு முன்னாலேயே, முடிந்தால் இந்த வாரமே, மேலாளரைப் பார்த்து வேலை போனதற்கான கடிதத்தைக் கொடுத்து தவணையைக் குறைத்து வருடத்தை நீட்டித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். சலுகைக்கும் விலை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். 2020இல் ஆறு மாதம் தவணையை நிறுத்தி வைத்தார்களே, 8 சதவீத வட்டியில் 40 லட்சம் பாக்கி வைத்திருந்தவருக்கு அந்த ஆறு மாத வட்டியே 1.6 லட்சம் கடனில் ஏறியிருக்கும்.

ஆறு மாதத்தில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லையென்றால் வங்கியிடம் சொல்லிவிட்டு நீங்களே வீட்டை விற்றுவிடுங்கள். ஏலத்தில் போவதைவிட நல்ல விலை கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: பெண் கல்யாணத்துக்காகத் திருவள்ளூர் பக்கம் உள்ள மனையை விற்கப் பார்க்கிறேன். பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை விடக் குறைவாகத்தான் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆவடி

பதில்: எவ்வளவு குறைவு என்று பாருங்கள் ஐயா. 2017இல் 33 சதவீதம் குறைத்த வழிகாட்டி மதிப்பை 2023 ஏப்ரலில் அரசு பழையபடி ஏற்றியது, 2024 ஜூலையில் மறுபடியும் திருத்தியது, சில இடங்களில் சந்தை அந்த அளவுக்கு இல்லை. வழிகாட்டி மதிப்பு நீங்கள் விற்கிற விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், நீங்கள் கையில் வாங்காத பணத்துக்கும் சேர்த்து வருமான வரி கணக்கிடுவார்கள், வாங்குகிறவருக்கும் அந்த வித்தியாசத்துக்கு வரி வரும். முத்திரைத் தீர்வையும் வழிகாட்டி மதிப்புக்குத்தான். ஆகவே அட்வான்ஸ் வாங்கும் முன் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள், உண்மையான சந்தை மதிப்பு குறைவு என்று வருமான வரித் துறையின் சொத்து மதிப்பீட்டு அதிகாரியிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கவும் வழி இருக்கிறது. கல்யாணத் தேதியை மட்டும் புரோக்கரிடம் சொல்லாதீர்கள்.