டேட்டாபேஸ் பற்றி வாசகர் கேள்விகள்: பெயரில் உள்ள குறியை ஏன் நீக்குகிறீர்கள்?

ஆர்டர் பட்டியலில் முதல் பக்கம் உடனே வருகிறது. 2000ஆம் பக்கம் போனால் பத்து விநாடி ஆகிறது. லிமிட் (எத்தனை வேண்டும்), ஆஃப்செட் (எத்தனையைத் தாண்டி) இரண்டும்தான் போட்டிருக்கிறேன். (பாயான் லெப்பாஸ்)

ஆஃப்செட் 40,000 என்றால் டேட்டாபேஸ் அந்த 40,000 ரெக்கார்டையும் படித்துத் தள்ளிவிட்டுத்தான் உங்களுக்கு வேண்டிய இருபதைக் கொடுக்கும். கடைசியாகக் காட்டிய ஐடியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இதைவிடச் சிறிய ஐடியில் 20’ என்று கேளுங்கள். இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் உள்ள சொல்லடைவு மாதிரி) நேராக அந்த இடத்துக்கே போகும். நினைத்த பக்கத்துக்குத் தாவ முடியாது, ‘அடுத்தது’ பொத்தான் மட்டும்தான். 2000ஆம் பக்கத்துக்குத் தாவ விரும்புகிறவருக்கு உண்மையில் தேவை நல்ல தேடல் பெட்டி.

லாராவெலில் (பிஎச்பி மொழிக்கான கட்டமைப்பு) 50 வாடிக்கையாளர்களைக் காட்டும் பக்கம் 6 விநாடி எடுக்கிறது. எல்லா ஃபீல்டுக்கும் இண்டெக்ஸ் போட்டும் பயனில்லை. (செந்தூல்)

எல்லாவற்றுக்கும் போட்ட இண்டெக்ஸை முதலில் நீக்குங்கள், ஒவ்வொரு இன்செர்ட்டுக்கும் அவை சுமை. பிறகு குவெரி (டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளை) லாகைத் திறந்து எண்ணுங்கள். லூப்புக்குள் ஒவ்வொருவரின் ஆர்டரையும் தனித்தனியாகக் கேட்டால் 51 குவெரி ஓடும். ‘வித்’ போட்டு எல்லாருடைய ஆர்டரையும் முன்கூட்டியே எடுத்தால் இரண்டில் முடியும்.

குவெரி மெதுவாக இருக்கிறது. என்ன செய்யலாம்? (ஊர் எழுதவில்லை)

எந்த டேட்டாபேஸ்? எத்தனை ரெக்கார்டு? குவெரி எங்கே? எக்ஸ்பிளெய்ன் (குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் கட்டளை) என்ன சொல்கிறது? இந்த நான்கும் இல்லாமல் எழுதினால் என்னால் எதுவும் சொல்ல முடியாது. இன்னொருவர் நேர் எதிர்: வாடிக்கையாளர்களின் ஐசி (அடையாள அட்டை) எண்களோடு முழு டேட்டாபேஸையும் இணைத்து அனுப்பிவிட்டார். திறக்காமலே அழித்துவிட்டேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒன்று நம் மலேசியாவில் இருக்கிறது. டேபிளின் அமைப்பும் பொய்யான பத்து ரெக்கார்டும் போதும்.

டி’குரூஸ் என்று பெயர் கொடுத்தால் பிழை வருகிறது. அதனால் அந்த ஒற்றைக் குறியை நீக்கிவிட்டுச் சேமிக்கிறோம். சரிதானே? (பிரிக்பீல்ட்ஸ்)

சரியில்லை. ஒருவருடைய பெயர் உங்கள் குவெரியை உடைக்கிறது என்றால் கோளாறு குவெரியில்தான், பெயரில் இல்லை. பயனர் தட்டிய எழுத்தை (ஸ்ட்ரிங்கை) அப்படியே ஒட்டி ஒட்டிக் குவெரி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒற்றைக் குறியைப் பார்த்ததும் டேட்டாபேஸ் ‘பெயர் இங்கே முடிந்தது’ என்று எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் ‘குரூஸ்’ கட்டளையாகிவிடுகிறது. பாவம் டி’குரூஸுக்குப் பிழைச் செய்தி வந்ததோடு சரி. விஷயம் தெரிந்தவன் அதே இடத்தில் ‘ஆர் 1=1’ (‘அல்லது 1=1’, எப்போதும் உண்மை) என்று முடிக்கிற மாதிரி எழுதினால் மொத்த டேபிளும் அவன் திரைக்கு வந்துவிடும்.

போன வருடம் உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்கு மண்டபம் தேடினேன். ஒரு மண்டபத்தின் இணையத்தளத்தில் எங்கள் பதிவைப் பார்க்க, இப்படிக் குறியுள்ள ஒரு பெயரைத் தட்டினேன். வெள்ளைத் திரையில் குவெரி முழுதும் வந்து விழுந்தது: டேபிள் பெயர், ஐசி ஃபீல்டு, கைப்பேசி எண் ஃபீல்டு, எல்லாம். உடனே கூப்பிட்டுச் சொன்னேன். “குறி இல்லாமல் தேடுங்கள் சார்” என்றார்கள். அந்த டேபிளில் எங்கள் வீட்டார் ஐசி எண்களும் இருந்தன.

இப்படி ஒட்டுவது 1998லேயே எழுதி வெளியிடப்பட்ட ஓட்டை. அதை அடைக்க உதவும் பிடிஓ (டேட்டாபேஸோடு பேசும் வசதி) பிஎச்பியில் 2005இல் வந்துவிட்டது. குவெரியில் மதிப்பு வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறி போடுங்கள், மதிப்பைத் தனியாக அனுப்புங்கள். கட்டளை ஒரு வழி, தரவு ஒரு வழி. டி’குரூஸ் எழுத்து மாறாமல் டி’குரூஸாகவே உள்ளே போவார். இதற்கான பிரிப்பேர் கட்டளையை எழுதிவிட்டு அதற்குள்ளேயே ஸ்ட்ரிங்கை ஒட்டுகிறவர்களையும் பார்க்கிறேன், அது பிரிப்பேர் ஆகாது. லாராவெலில் நிபந்தனையை நாமே எழுதும் ‘வேர்ரா’வுக்குள் ஒட்டினாலும் அதே ஓட்டைதான். வரிசைப்படுத்தும் ‘ஆர்டர் பை’யில் வரும் ஃபீல்டு பெயருக்குக் கேள்விக்குறி உதவாது. அனுமதித்த பெயர்களை நீங்களே ஒரு பட்டியலாக வைத்து, அதில் இருந்தால் மட்டும் சேருங்கள். அப்புறம், இணையத்தளம் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள) கணக்கில் டேட்டாபேஸுக்குள் நுழையக் கூடாது.

ஏற்கெனவே குறியை நீக்கிச் சேமித்த பெயர்களைத் தேடிப்பிடித்துத் திருத்திக் கொடுங்கள். அது அவர்களுடைய பெயர்.

ஐசி எண்ணை இண்ட் (முழு எண்) ஆக வைக்கலாமா? (ஜோர்ஜ் டவுன்)

கூடாது. 12 இலக்கம், சாதாரண இண்ட் 200 கோடியைத் தாண்டியதும் நின்றுவிடும். பெரிய எண்ணுக்கான பிக்இண்டும் வேண்டாம்: 2003இல் பிறந்தவரின் எண் 03 என்று தொடங்கும், முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். கூட்டிக் கழிக்காத எண் எல்லாமே எழுத்துதான். கைப்பேசி எண்ணும் அப்படியே. அஞ்சல் குறியீடும் அப்படியே, அலோர் ஸ்டாருக்கு 05000.

தமிழ்ப் பெயருக்கு வார்சார் 20 (20 எழுத்து வரை இடம்) போதுமா? (பட்டர்வொர்த்)

போதாது. ‘பினாங்கு’ நம் கண்ணுக்கு 4 எழுத்து. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் தனியாகச் சேர்த்து அதை 8 என்று எண்ணும், பைட்டில் 24. அதோடு த/பெ, அப்பா பெயர் எல்லாம் வரும். 200 வையுங்கள், எழுத்து வகை யூடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கட்டும். பழைய மூன்று பைட்டு யூடிஎஃப்8இலும் தமிழ் நிற்கும், யாராவது ஒரு இமோஜி போட்டால் மாட்டிக்கொள்ளும். குடும்பப் பெயர் என்று ஒரு பெட்டி வைத்து அதைக் கட்டாயமாக்காதீர்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அது கிடையாது.

விலைக்கு ஃப்ளோட் போடலாமா? (செந்தூல்)

கூடாது, ஃப்ளோட் தோராயமாகத்தான் வைக்கும். சென் வரை அப்படியே வைக்கும் டெசிமல் போடுங்கள். 5 சென்னுக்கு முழுமையாக்குவதை ரொக்க பில்லின் மொத்தத்தில் மட்டும் செய்யுங்கள், பொருளுக்குப் பொருள் செய்யாதீர்கள்.

காலை 7 மணிக்கு வந்த ஆர்டர் முந்தின நாள் கணக்கில் விழுகிறது. (கோலாலம்பூர்)

நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமிக்கிறீர்கள், அது நல்லதுதான். நாம் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆக 14ஆம் தேதி விற்பனை வேண்டுமானால் 13ஆம் தேதி 16:00 முதல் 14ஆம் தேதி 16:00க்கு முன் வரை என்று கேளுங்கள். ஃபீல்டின் மேல் டேட் ஃபங்ஷனைப் போர்த்தாதீர்கள், சாதாரண இண்டெக்ஸ் பயன்படாமல் போகும். எக்ஸ்பிளெய்ன் போட்டால் நீங்களே பார்க்கலாம். இரண்டு தேதிகளையும் கேள்விக்குறி வழியாகவே அனுப்புங்கள்.