ஈரல் கட்டியும் எம்.ஆர்.ஐ. படமும்: கேட்டவர்களுக்குப் பதில்

அம்பாசமுத்திரம்: வயிற்று ஸ்கேனில் 3 செ.மீ. ஹெமான்ஜியோமா என்று எழுதியிருக்கிறது. புற்றுநோயாகிவிடுமா டாக்டர்?

ஆகாதும்மா, அது ரத்தக்குழாய்கள் திரண்ட சாதாரணக் கட்டி. எம்.ஆர்.ஐ.யின் டி2 வகைப் படத்தில் பல்பு எரிகிற மாதிரி வெள்ளையாகத் தெரியும். கட்டியை எடுத்துக்காட்டும் மருந்தை ஏற்றினால் ஓரத்தில் திட்டுத்திட்டாகப் பிடித்து, மெல்ல உள்ளே நிறையும். இரண்டும் இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

தென்காசி: மனைவிக்கு 34 வயது. எட்டு வருடமாகக் கருத்தடை மாத்திரை. 6 செ.மீ. கட்டியை ஒருவர் அடினோமா என்கிறார், இன்னொருவர் எஃப்.என்.எச். என்கிறார்.

இரண்டும் ஈரல் செல்களில் வளரும் கட்டிகள்தான். எஃப்.என்.எச். புற்றுநோயாக மாறாது, அடினோமா மாறக்கூடும். அதனால் இது எது என்று பிரித்து அறிந்தே ஆகவேண்டும். ஈரல் செல்கள் உறிஞ்சும் காடாக்சிடேட் என்ற எம்.ஆர்.ஐ. மருந்தை ஏற்றி 20 நிமிடம் கழித்து எடுக்கும் படம் முக்கியம். எஃப்.என்.எச். மருந்தைப் பிடித்துவைத்து ஈரலோடு ஈரலாகவோ இன்னும் வெள்ளையாகவோ நிற்கும். பெரும்பாலான அடினோமா கறுத்துவிடும். ஆனால் பீட்டா-கேட்டனின் மரபணு மாறிய அடினோமாவும் மருந்தைப் பிடித்துவைக்கலாம். புற்றுநோயாகும் பயம் அதிகம் உள்ளதும் அதுதான்! ஒரே படத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். சந்தேகம் என்றால் திசு எடுத்துப் பார்க்கவேண்டும். அடினோமாதான் என்றால் மாத்திரையை மருத்துவரிடம் சொல்லி நிறுத்துங்கள். 6 மாதம் கழித்தும் 5 செ.மீ.க்கு மேல் இருந்தால் அறுவை சிகிச்சை. பழைய படங்கள் உள்ள சிடியைத் தூக்கிப் போடாதீர்கள். கட்டி வளர்ந்ததா, கட்டிக்குள் புது முடிச்சு முளைத்ததா என்பதைப் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் சொல்லமுடியும்.

சங்கரன்கோவில்: கீழாநெல்லி கட்டியைக் கரைக்குமா?

கரைக்காது.

மேலப்பாளையம்: எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு உண்டா?

இல்லை. இன்று இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள்.

பாளையங்கோட்டை: எனக்கு 26 வயது. ஜிம்மில் ஸ்டீராய்டு ஊசி போட்டேன். 2.5 செ.மீ. அடினோமா. சிறிசுதானே?

தம்பி, ஆணுக்கு அளவு கணக்கே இல்லை. எவ்வளவு சிறிதானாலும் அகற்றச் சொல்கிறது ஐரோப்பிய ஈரல் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல். ஊசியை இன்றே நிறுத்துங்கள்.

வள்ளியூர், ஜிம் மாஸ்டர்: டெஸ்டோஸ்டிரோன் உடம்பில் ஊறுவதுதானே? பயலுவளைப் பயமுறுத்தாதீங்க.

அண்ணாச்சி, ஊறுவது வேறு, பல மடங்கு ஏற்றுவது வேறு. இந்த ஊசிகளால் அடினோமா வருவதும் அது புற்றாவதும் மருத்துவம் அறிந்தது. 24 வயதுப் பையன் ஒருவனின் டி1 வகை எம்.ஆர்.ஐ. படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கட்டிக்குள் ரத்தம் கசிந்து, சாம்பல் நிற ஈரல் நடுவே வெள்ளைத் திட்டு. வயிற்றைப் பிடித்தபடியே மேசையில் படுத்திருந்தான்.

பாளையங்கோட்டை: எங்க மாஸ்டரும் ‘உடம்பில் ஊறுவதுதானே’ன்னுதான் சொன்னார்.

வள்ளியூர்: சரி டாக்டர், எங்க பயலுவளுக்கு என்ன செய்ய?

ஊசி போட்ட எல்லாரையும் ஒரு வயிற்று ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.

பாளையங்கோட்டை: போன வருசத்து சிடி பரண்ல கிடக்கு டாக்டர்.

எடுத்து வாருங்கள் தம்பி. அதைத்தான் முதலில் பார்ப்பேன்.