டப்பா லேசானால் பலம் குறையுமா?

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் பத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து மாங்காய் ஊறுகாயும் தொக்கும் போட்டு விற்கிறோம். ஒரு கிலோ பெட் (PET) பிளாஸ்டிக் டப்பா போன வருஷம் வரை 48 கிராம் எடையில் வாங்கினோம். இந்த வருஷம் அதே கடைக்காரர் 38 கிராம் டப்பா கொடுத்தார், விலையும் குறைவு. "எடைதான் குறைவு, பலம் அதேதான்" என்றார். அட்டைப்பெட்டிக்கு 12 டப்பா, ஆறாறாக இரண்டு அடுக்கு. ஆறு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தோம். பத்தே நாளில் அடிப்பெட்டி டப்பாக்கள் இடுப்பு நெளிந்து, மூடி ஓரம் எண்ணெய் கசிந்துவிட்டது. ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவர் சொன்னது நடக்காத காரியம் இல்லை. உங்கள் டப்பாவில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

எடையைக் குறைத்தும் பலம் குறையக் கூடாது என்றால் உருவத்தை மாற்ற வேண்டும். பனையோலை மடிப்போடு இருக்கும்வரை விறைப்பாக நிற்கும். மடிப்பை நீவிவிட்டால் துவண்டுவிடும். எவர்சில்வர் டம்ளரின் விளிம்பைச் சுருட்டியிருப்பதும் உதட்டைக் காப்பாற்ற மட்டும் இல்லை. டப்பாவிலும் இதே வித்தைதான்: மேலிருந்து கீழே ஓடும் வரிகள், வளைந்த தோள், உள்ளே குழிந்த அடி. குறுக்கே வளையம் வளையமாக ஆழமான வரி இருந்தால் மயங்கிவிடாதீர்கள். பக்கவாட்டில் அமுக்கினால் அது தாங்கும். தலையில் பாரம் ஏற்றினால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடங்கும்.

இப்போது பழைய டப்பாவையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே உருவம் என்றால் அச்சு மாறவில்லை, ப்ரீஃபார்ம் மட்டும் இளைத்திருக்கிறது. ப்ரீஃபார்ம் என்பது சோதனைக்குழாய் போன்ற தடித்த குழாய். மரை போட்ட கழுத்து அதிலேயே இருக்கும். அதைச் சூடாக்கி, அச்சுக்குள் வைத்து ஊதினால் டப்பா. ஊதும்போது கழுத்து மாறாது; மூடியும் பழைய மூடிதானே? அப்படியென்றால் குறைந்த 10 கிராமும் உடம்பிலிருந்து போனதுதான். கழுத்து 8 கிராம் என்று வைத்துக்கொண்டால், உடம்பு 40 கிராமிலிருந்து 30 ஆகிவிட்டது. சுவரின் கனத்தில், அதாவது தடிமனில், கால் பங்கு போச்சு. கால் பங்குதானே என்று விட முடியாது. தட்டையான சுவர் ஒன்றின் கனம் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். அதே கணக்கில் முக்கால் கனத்துக்கு மிஞ்சுவது நூற்றுக்கு 42தான்.

ஒரு டப்பாவைக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டி விரலால் தடவுங்கள். அடியின் நடுவில் மொத்தையாக இருக்கும். சுவரும் அடியும் சேரும் மூலையில் காகிதம் மாதிரி இருக்கும். ஊதும்போது பிளாஸ்டிக் ரொம்ப இழுபட்டுப் போய்ச் சேரும் இடம் அது. அந்த மூலை கூராக இல்லாமல் உருண்டு வளைந்திருந்தால் வடிவமைத்தவர் யோசித்திருக்கிறார் என்று அர்த்தம்.

சரி, பழி முழுக்கக் கடைக்காரருக்கா? உங்கள் அடுக்கில் அடி டப்பா ஒவ்வொன்றின் தலையிலும் 11 டப்பா, அதாவது 11 கிலோவுக்கு மேல். ஒரு மணி நேரம் தாங்கிய பாரத்தைப் பிளாஸ்டிக் பத்து நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. மெல்ல மெல்ல இளகிக்கொடுக்கும். தகரக் கூரைக்கு அடியில், வைகாசி வெயிலில் இன்னும் சீக்கிரம். அப்புறம், தொக்கைச் சுடச்சுட நிரப்புகிறீர்களா? சாதாரண பெட் 70 டிகிரியைத் தாண்டினால் இளக ஆரம்பிக்கும். மூடிய பிறகு ஆறும்போது உள்ளே காற்று சுருங்கிச் சுவரை இழுக்கும். சூடாகத்தான் நிரப்பவேண்டும் என்றால் முக்கோணத்துக்குள் 5 போட்ட பி.பி. (பாலிபுரொப்பிலீன்) டப்பா வாங்குங்கள். கொதிநீர்ச் சூட்டைத் தாங்கும், அதே தடிமனில் பெட்டைவிட மூன்றில் ஒரு பங்கு எடையும் குறைவு. ஆனால் காற்றை அதிகமாக உள்ளே விடும், எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். நீண்ட நாள் சரக்குக்கு நான் சொல்லமாட்டேன்.

இருக்கிற டப்பாக்களை வீணாக்க வேண்டாம். பெட்டிக்குள் தடுப்பு அட்டை போட்டு, மூன்று பெட்டிக்கு மேல் அடுக்காமல் விடுங்கள். அடுத்த முறை பத்து டப்பா மாதிரி வாங்கி, தண்ணீர் நிரப்பி, தலைக்கு 25 கிலோ வீதம் பாரம் ஏற்றி, இரண்டு நாள் உங்கள் ஷெட்டிலேயே வையுங்கள். நிரப்பிய டப்பாவை இடுப்பு உயரத்திலிருந்து மூலை தரையில் படும்படி போட்டும் பாருங்கள். விற்பவர் வாய்ச்சொல்லைவிட இது மேல்.

கேள்வி: ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி போட 100 பிளாஸ்டிக் கிரேடு (பெட்டி) வாங்கினேன். நல்ல கனமாக இருக்கிறதே என்று நம்பினேன். ஒரே பருவத்தில் மூலையெல்லாம் விரிசல்.

பதில்: உங்களுக்கு எதிர்ப்பக்க ஏமாற்று. கனம் பிளாஸ்டிக்கால் வந்ததா, சுண்ணாம்புத் தூளாலா? உடைந்த சில்லு ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். கிரேடு செய்யும் எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். தூள் நிறையக் கலந்திருந்தால் முழுகும். மிதந்தும் விரிந்தது என்றால், பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்ததாகவோ, வெயில் தாங்கும் மருந்து சேர்க்காததாகவோ இருக்கலாம். பில்லில் "புதுச் சரக்கு" என்று எழுதியிருந்தால் விடாதீர்கள். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவர் வாங்கிய பொருளுக்கும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். மசியவில்லை என்றால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

கேள்வி: காலி பெயின்ட் வாளி அருமையாக இருக்கிறது. கழுவிவிட்டுப் புளி போட்டு வைக்கலாமா? (தருமபுரி வாசகி)

பதில்: வாளி அருமைதான், மெல்லிய சுவர், பலமான விளிம்பு, இறுகப் பிடிக்கும் மூடி. புளி மட்டும் வேண்டாம், அமிலம் ஊறி ஊறி என்னத்தை இழுக்கும் என்று சொல்ல முடியாது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூட நான் எடுக்கமாட்டேன். ரோஜாச் செடி வையுங்கள்.