ஒரே ஜாதிச் சீட்டு வந்தால் விட மனசு வரவில்லை

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். மழை நாட்களில் ஆறு பேர் சேர்ந்து டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் ஆடுவோம். காசு இல்லை, காப்பிக்கொட்டைதான். கைக்கு வரும் இரண்டு சீட்டும் ஒரே ஜாதி என்றால் எனக்கு விட மனசு வருவதில்லை. ஆனால் என் டம்ளர்தான் முதலில் காலியாகிறது. எந்தச் சீட்டோடு ஆடலாம்? சேலம் அஞ்சு ரோட்டில் ஒருவர் இதற்கு அட்டவணை 3,000 ரூபாய்க்குத் தருகிறாராம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அதற்காக 20 கொண்டை ஊசி வளைவு இறங்கவும் வேண்டாம்.

கையிலுள்ள இரண்டு சீட்டோடு, எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரியும் ஐந்தையும் சேர்த்துப் பார்த்து, ஒரே ஜாதியில் ஐந்து சேர்ந்தால்தான் அந்த ஜாதிக்கு மதிப்பு. ஆட்டின் ஒன்பதும் ஆட்டின் மூன்றும் வந்தன என்று வையுங்கள். மேசையில் விரிக்கும் முதல் மூன்று சீட்டும் ஆட்டினாகவே விழுவது சுமார் 119 தடவைக்கு ஒரு தடவை. ஐந்தும் விரியும்வரை உட்கார்ந்திருந்தாலும் பதினைந்து, பதினாறு தடவைக்கு ஒன்றுதான். அதுவரை கொட்டை போய்க்கொண்டே இருக்கும். சேருகிற அன்றைக்கு எதிரே ஒருவர் ஆட்டின் ராஜாவை வைத்திருப்பார்!

ஆடுவதா விடுவதா என்று முதலில் பேசும் இடத்தில் இரண்டு பத்து அல்லது அதைவிடப் பெரிய ஜோடி, ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி. இவை போதும். கடைசியில் பேசும் இடம் வந்தால் ஏஸ்-ஜாக்கி, ராஜா-ராணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏஸ்-ஆறு மாதிரி வந்தால் ஏஸைப் பார்த்து மயங்க வேண்டாம். மேசையில் ஏஸ் விழுந்தால் ஏஸ்-ராஜா வைத்திருப்பவர் உங்களைத் துடைத்துவிடுவார்.

சின்ன ஜோடி மட்டும் தனிக் கதை. இரண்டு நாலு வந்தால், முதல் மூன்று சீட்டில் இன்னொரு நாலு விழுவது எட்டு, ஒன்பது தடவைக்கு ஒன்று. தடவைக்கு ஐந்து கொட்டை போட்டால் எட்டு தடவைக்கு நாற்பது. எதிராளி டம்ளரில் முப்பதுதான் இருக்கிறது என்றால் ஜெயித்தாலும் நஷ்டம், விட்டுவிடுங்கள். நூறு இருந்தால் போடலாம். ஆகவே, சீட்டைப் பார்த்ததும் எதிராளியின் டம்ளரையும் பாருங்கள். நாலு விழவில்லையா, யாராவது பந்தயம் வைத்ததும் கீழே வையுங்கள்.

அப்புறம் அந்த அட்டவணைக்காரர். தொடக்கச் சீட்டு வகை மொத்தமே 169தான். அந்தப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. இப்படி விற்பவர்களில் பலருக்கு அட்டவணை வெறும் தூண்டில். அடுத்து டெலிகிராமில் ‘தனி கிளப்’ என்பார்கள், பணத்தைத் தன் சொந்த யுபிஐக்கு அனுப்பச் சொல்வார்கள். பணம் வைத்து ஆன்லைனில் ஆடும் ஆட்டங்களை 2025-ல் மத்திய அரசின் சட்டம் தடை செய்துவிட்டது. போன பணத்தைக் கேட்டு யாரிடம் போவீர்கள்? 2022-ல் மாநிலம் தடை போட்டது, 2023-ல் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிலிருந்து எடுத்தது, 2025-ல் டெல்லி மறுபடி மூடியது. இத்தனை புரட்டலிலும் தரகருக்கு மட்டும் ஒரு நாள்கூட வேலை நிற்கவில்லை.

மூன்று வாரம் இப்படி ஆடிப் பார்த்து, கொட்டைக் கணக்கை எழுதி வையுங்கள். அது உங்களுக்குத் தெரிந்த வேலைதானே.