பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி: வாங்கும் முன் கேட்ட கேள்விகள்

கேள்வி: என்னுடையது ஒன்பது வருடப் பழைய லேப்டாப். ஐ5 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்து, பிரௌசரைத் திறந்து, வேலையை ஆரம்பிக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிரைவ்) போட்டால் சரியாகிவிடும் என்கிறார் தம்பி. பழசில் காசைக் கொட்டாதே, புதிதாக வாங்கு என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் லேப்டாப்பையே கேட்டுவிடலாம். ஆன் செய்து டெஸ்க்டாப் வந்ததும் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, சிபியு மட்டும் இருபது முப்பதில் இருந்தால், பிராசஸருக்கு வேலை இல்லை, டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் தம்பி சொல்வதுதான் சரி.

ஏன் இப்படி ஆகிறது? லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். வேண்டிய தகவல் ஊசிமுனைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஊசி சரியான தடத்துக்கு நகர இன்னும் 12 மில்லி செகண்ட் வரை போகும். ஆக, நொடிக்கு அறுபது எழுபது இடங்களைத்தான் அதனால் தொட முடியும். விண்டோஸ் பூட் ஆகும்போதோ டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்க வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஓர் இடத்தைப் படிக்க மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு போதும். நீங்கள் உணரப்போகும் வித்தியாசம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

சரி, எதெல்லாம் மாறாது? வீடியோ எடிட்டிங், கேம், பெரிய கணக்கீடுகள் ஆகியவற்றுக்கு வேண்டியது பிராசஸரின் பலம். அங்கே எஸ்எஸ்டி பெரிதாக உதவாது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் சும்மா இருந்து சிபியு 100 சதவீதத்தில் திணறினாலும் அப்படித்தான். அந்த மெஷினில் செலவு செய்ய வேண்டாம். பேட்டரி உப்பியிருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும், அது பாதுகாப்பு விஷயம். அதோடு ஸ்கிரீனும் கீல்களும் போயிருந்தால், எல்லாச் செலவையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

4 ஜிபி ரேம் இன்றைய பிரௌசருக்குப் பற்றாது. 8 ஆக்க முடிந்தால் ஆக்குங்கள். ஆனால் இரண்டில் ஒன்றுதான் இப்போது முடியும் என்றால் எஸ்எஸ்டிதான் முதலில், என் அழுத்தமான சிபாரிசு அது. ரேம் நிறைந்து வழியும்போது விண்டோஸ் டிஸ்க்கைத்தான் துணைக்குக் கூப்பிடும், அந்த டிஸ்க் எஸ்எஸ்டியாக இருந்தால் அவதி பாதியாவது குறையும். ரேம் வாங்கும்போது டிடிஆர்3-யா, குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் டிடிஆர்3எல்-ஆ, டிடிஆர்4-ஆ என்று பார்த்து வாங்குங்கள். டிடிஆர்4-ஐ டிடிஆர்3 ஸ்லாட்டில் செருகவே முடியாது.

கேள்வி: என்விஎம்இ எஸ்எஸ்டி நொடிக்கு 3500 எம்பி, சாட்டா வெறும் 550 எம்பி, அதனால் என்விஎம்இதான் வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். என் லேப்டாப் 2014 மாடல்.

பதில்: சாட்டா, என்விஎம்இ இரண்டும் டிரைவைக் கணினியோடு இணைக்கும் முறைகள். சாட்டா பழையது, என்விஎம்இ புதியது. அவர் சொன்ன எண்கள் சரி. ஆனால் உங்கள் லேப்டாப்புக்கு அவற்றால் பயன் இல்லை. 2014-இல் வந்த பெரும்பாலான லேப்டாப்புகளில் இருப்பது இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க்குக்கான இடம் மட்டும்தான். அதில் என்விஎம்இ கார்டைப் பொருத்தவே வழியில்லை.

எம்.2 என்ற பெயரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எம்.2 என்பது கார்டின் வடிவத்தை மட்டும்தான் சொல்கிறது. 2280 என்று போட்டிருந்தால் அகலம் 22 மில்லி மீட்டர், நீளம் 80 மில்லி மீட்டர், அவ்வளவுதான். அதே வடிவத்தில் சாட்டா கார்டும் உண்டு, என்விஎம்இ கார்டும் உண்டு. ஸ்லாட்டிலும் சாட்டாவை மட்டும் ஏற்பது, என்விஎம்இயை மட்டும் ஏற்பது, இரண்டையும் ஏற்பது என்று மூன்று வகை. கார்டின் தங்க நிற முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா. ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. இன்னொரு சிக்கலும் இருக்கிறது: அந்தக் காலத்து லேப்டாப்புகள் பலவற்றின் பயோஸுக்கு (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருளுக்கு) என்விஎம்இயிலிருந்து பூட் செய்யத் தெரியாது. எப்படியோ பொருத்திவிட்டாலும் விண்டோஸ் அதிலிருந்து கிளம்பாது.

ஆகவே காசு கொடுப்பதற்கு முன் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். டிஸ்க் எங்கே இருக்கிறது, எந்த வகை, எந்த ஸ்குரூவைக் கழற்ற வேண்டும் என்று எல்லாம் படத்தோடு அதில் இருக்கும். சில மெலிதான மலிவு லேப்டாப்புகளில் இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப்பை மதர்போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். அதை மாற்ற முடியாது, வேறு ஸ்லாட்டும் இல்லாவிட்டால் எஸ்எஸ்டி யோசனையையே விட்டுவிட வேண்டியதுதான்.

2011-க்கு முந்தைய மெஷின்கள் பலவற்றில் சாட்டா 2 இருக்கும், நொடிக்கு 280 எம்பி அளவில் நின்றுவிடும். அதற்காகத் தயங்க வேண்டாம். மேலே சொன்ன காத்திருப்பு நேரம் அங்கேயும் அதே அளவு குறையும், அன்றாட வேலையில் உங்களுக்குத் தெரியப்போவது அதுதான். வாங்கும் டிரைவ் 7 மில்லி மீட்டர் தடிமன், லேப்டாப்பில் உள்ள இடம் 9.5 மில்லி மீட்டர் என்றால் நடுவில் வைக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வேண்டும். சில பெட்டிகளில் கூடவே வரும்.

கேள்வி: பெயர் கேள்விப்படாத பிராண்டில் 2 டிபி எஸ்எஸ்டி, பெரிய பிராண்டின் 500 ஜிபியைவிட விலை குறைவாக ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த விலைக்கு 2 டிபி அளவு ஃப்ளாஷ் சிப் கிடைக்காது. இப்படி விற்பவற்றில் பல போலி. உள்ளே சிறிய மெமரி கார்டோ, ஒதுக்கித் தள்ளிய சிப்போ இருக்கும், விண்டோஸிடம் மட்டும் 2 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். உண்மையான அளவு நிறைந்ததும் நீங்கள் புதிதாகப் போடும் ஃபைல்கள் சத்தமில்லாமல் அழியும். ஃபைல் பெயர் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே வாங்கியவர்கள் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதித்துவிட்டு, தவறு வந்தால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, 128 ஜிபி விண்டோஸுக்கும் அப்டேட்டுக்குமே நெருக்கடி. 256 ஜிபி சமாளிக்கும். என்னைக் கேட்டால் 500 ஜிபி வாங்குங்கள். எஸ்எஸ்டி நிறைய நிறைய எழுதும் வேகம் குறையும், கொஞ்சம் இடம் காலியாக இருப்பது அதற்கு நல்லது.

பெட்டியில் டிபிடபிள்யூ என்று ஓர் எண் இருக்கும். வாரண்டிக் காலத்தில் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற கணக்கு அது. 180 டிபிடபிள்யூ என்று வைத்துக்கொள்வோம். தினமும் 20 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு 7.3 டிபி, 180-ஐத் தொட இருபது வருடத்துக்கு மேல் ஆகும். எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயம் வீட்டு உபயோகத்தில் தேவையில்லை.

நான் இன்னும் கவனமாகப் பார்க்கச் சொல்வது டிராம் இருக்கிறதா என்பதை. எந்தத் தகவல் எந்தச் சிப்பில் இருக்கிறது என்ற பட்டியலை வைத்துக்கொள்ள நல்ல எஸ்எஸ்டிகளில் சின்னதாகத் தனி நினைவகம் இருக்கும். மலிவானவற்றில் அதை எடுத்துவிடுவார்கள். என்விஎம்இ டிரைவ் என்றால் கணினியின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும். சாட்டாவில் அந்த வசதி இல்லை, அதனால் டிராம் இல்லாத சாட்டா டிரைவ் நிறைய எழுதும்போது தடுமாறும். ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் அதுவும் எவ்வளவோ மேல்தான். ஆனாலும் விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் டிராம் உள்ளதையே எடுங்கள். சிப் வகையில், ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் க்யூஎல்சியைவிட மூன்று பிட் வைக்கும் டிஎல்சி நல்லது.

கேள்வி: பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே குளோன் செய்வதா, விண்டோஸைப் புதிதாகப் போடுவதா?

பதில்: பல வருடக் குப்பை சேர்ந்த மெஷினுக்குப் புதிதாகப் போடுவதுதான் நல்லது. விண்டோஸ் 10 ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்தால், அதன் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு இணைந்திருக்கும். டிஸ்க்கை மாற்றிய பிறகு அதே எடிஷனைப் போட்டால், இன்டர்நெட்டில் இணைந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகும். புதிய லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று யாராவது பில் போட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மறுபடி நிறுவ முடியாத பழைய மென்பொருள் ஏதாவது இருந்தால் மட்டும் குளோன் செய்யுங்கள். யுஎஸ்பி-சாட்டா கேபிள் ஒன்று வேண்டும். எஸ்எஸ்டி நிறுவனங்கள் பல இதற்கு மென்பொருள் தருகின்றன, க்ளோன்ஸில்லா இலவசம். எஸ்எஸ்டி பழைய டிஸ்க்கைவிடச் சிறியது என்றால் முதலில் ஃபைல்களைக் குறைத்துப் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரெகவரி கீயைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு அதை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். எந்த வழியானாலும், படங்களும் ஆவணங்களும் வேறோர் இடத்தில் ஒரு பிரதி இருந்தால்தான் ஸ்குரூ டிரைவரைத் தொட வேண்டும். பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே கடகட சத்தம் வந்தால் குளோனுக்கு முன்பே முக்கியமானவற்றை எடுத்துவிடுங்கள். அந்த நிலையில் டிஸ்க் முழுவதையும் படிக்க வைப்பதே அதைச் சாகடித்துவிடலாம்.

கேள்வி: எஸ்எஸ்டி போட்டுவிட்டால் விண்டோஸ் 11 போடலாமா?

பதில்: எஸ்எஸ்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் உள்ள பிராசஸரும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்து. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பேங்க் வேலைகளைச் செய்யும் மெஷினில் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் ஓட்டுவதை நான் ஏற்க மாட்டேன். பிரௌசர், மெயில், டைப்பிங், வீடியோ பார்ப்பது இவ்வளவுதான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மிண்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். 4 ஜிபி ரேமில் ஓடும், காசும் இல்லை. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு நிறுவலாம்.

கேள்வி: மாதம் ஒருமுறை டீஃபிராக் (டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்று சேர்ப்பது) செய்யும் பழக்கம் உண்டு. எஸ்எஸ்டிக்கும் செய்யலாமா?

பதில்: வேண்டாம். தகவல் எந்த இடத்தில் இருந்தாலும் எஸ்எஸ்டி ஒரே வேகத்தில்தான் படிக்கும். விண்டோஸ் 7-லிருந்து டிரிம் என்ற வேலை (அழித்த ஃபைல்களின் இடம் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) தானாகவே நடக்கிறது, அது போதும்.

கேள்வி: கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது? டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் வைக்கலாம் என்கிறார்களே?

பதில்: வைக்கலாம். கேடி என்று ஒரு சட்டம் கிடைக்கும். 9.5, 12.7 மில்லி மீட்டர் என இரண்டு தடிமன் உண்டு, அளந்துவிட்டு வாங்குங்கள். எஸ்எஸ்டியை டிஸ்க் இருந்த பழைய இடத்திலும், ஹார்ட் டிஸ்க்கைக் கேடியிலும் வையுங்கள். டிவிடி இணைப்பு சில மெஷின்களில் வேகம் குறைந்தது. ஆனால் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்றால் ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டுப் பேக்கப்புக்கு வைத்துக்கொள்வதைத்தான் நான் விரும்புவேன். லேப்டாப் கீழே விழுந்தாலோ திருடு போனாலோ இரண்டும் ஒன்றாகப் போகாது.

கேள்வி: எஸ்எஸ்டி வாங்கி ஒரு வருடத்துக்குள் திடீரென்று செத்துவிட்டது. உள்ளே குடும்பப் படங்கள். வாரண்டியில் கொடுத்தால் படங்களை மீட்டுத் தருவார்களா?

பதில்: வருத்தமான பதில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வாரண்டி டிரைவுக்கு மட்டும்தான், உள்ளே இருந்த தகவலுக்கு இல்லை. அனுப்பினால் வேறொரு டிரைவ் வரும், பழையது திரும்ப வராது. படங்கள் அவசியம் என்றால் வாரண்டிக்கு அனுப்பும் முன் தகவல் மீட்பு நிலையத்தில் காட்டுங்கள். அவர்கள் அதைத் திறந்தால் வாரண்டி போய்விடலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சத்தம் போட்டு, மெதுவாகி, முன்கூட்டியே எச்சரிக்கும். எஸ்எஸ்டி பல நேரம் எந்த அறிகுறியும் காட்டாமல் நின்றுவிடும். டிரிம் இருப்பதால், தவறுதலாக அழித்த ஃபைலையும் இதில் மீட்பது கடினம்.

படங்களா, மாற்று டிரைவா, எது வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டு வாரண்டிக்கு அனுப்புங்கள். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் டிரைவில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். டிரைவில் சொந்தத் தகவல் இருக்கிறது, இன்னும் படிக்கவும் முடிகிறது என்றால், செக்யூர் எரேஸ் (மீட்க முடியாதபடி முழுக்க அழிப்பது) செய்யாமல் கையை விட்டு அனுப்பாதீர்கள். மாற்றாக வரும் டிரைவுக்கு வாரண்டி புதிதாகத் தொடங்குகிறதா, பழையதில் மிச்சம் உள்ள காலம் மட்டுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.