நீரை உரசிப் பறக்கும் வாகனம் விமானமா, கப்பலா?

சட்டப்படி பார்த்தால் பெரும்பாலும் கப்பல்தான். தரைவிளைவை, அதாவது பரப்பை ஒட்டிப் பறக்கும்போது இறக்கைக்குக் கிடைக்கும் கூடுதல் தாங்குவிசையை, விட்டு மேலே ஏற முடியாத வகையைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பல் கணக்கில்தான் வைத்திருக்கிறது.

இறக்கை நீர்ப்பரப்பை நெருங்கும்போது அடியில் காற்றழுத்தம் கூடுகிறது. இறக்கை நுனிகளில் சுழன்று வீணாகும் காற்றும் குறைகிறது. அதனால் குறைந்த இழுவையில் அதிக எடையைத் தாங்கலாம். கூழைக்கடா சிறகடிக்காமலே நீரை ஒட்டி வெகுதூரம் வழுக்கிப் போவதும் இதனால்தான்.

இதைப் பிரம்மாண்டமாகச் செய்து பார்த்தவர் சோவியத் பொறியாளர் ரஸ்திஸ்லாவ் அலெக்செயெவ். 1966-இல் காஸ்பியன் கடலில் அவர் இறக்கிய 'கேஎம்' சுமார் 92 மீட்டர் நீளம், பத்து ஜெட் என்ஜின்கள், 544 டன் வரை எடை. உளவுச் செயற்கைக்கோள் படத்தில் இதைப் பார்த்துக் குழம்பிய அமெரிக்கர்கள் 'காஸ்பியன் கடல் பூதம்' என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் 'கேஎம்' என்ற எழுத்துகளுக்கு ரஷ்ய மொழியில் 'மாதிரிக் கப்பல்' என்பதுதான் பொருள்! 1980-இல் அது விபத்தில் மூழ்கியது.

பிறகு வந்த இதே வகை வாகனமான 'லூன்' முதுகில் ஆறு ஏவுகணைக் குழாய்களைச் சுமந்தது. 2020-இல் ரஷ்யாவின் தாகெஸ்தானில் உள்ள தெர்பெந்த் கரைக்கு இழுத்துவரப்பட்டது.

ஏன் பரவவில்லை? அலைதான் முதல் எதிரி. நீரைப் பிய்த்துக்கொண்டு எழும்பப் பெரும் விசை வேண்டும். எழும்பியபின் அந்த என்ஜின்களில் பல வெறும் சுமை. உப்புத் துளி என்ஜினை அரிக்கும். சட்டென்று திருப்பவும் முடியாது. சாய்த்தால் இறக்கை நுனி நீரில் இடிக்கும். அமைதியான உள்கடல்களுக்கே இது பொருந்தும் என்பது என் எண்ணம்.