முக்கோணம் வந்துவிட்டது, நினைவகம் ஏன் வரவில்லை?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கும் எம்.எஸ்சி. இயற்பியல் மாணவி நான். ப்ராஜெக்டுக்காகக் குழாய் உலையில், மைக்கா தகட்டின் மேல் இண்டியம் செலினைடு வளர்க்கிறேன். அழகான முக்கோணப் படிகங்கள் கிடைக்கின்றன. ஆனால் மின்னழுத்தத்தைத் திருப்பினால் நினைவகத்துக்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை. எங்கே பிழை?

பதில்: முக்கோணத்தை நம்பாதீர்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே அணுக்கள் வேறு விதமாக அடுக்கப்பட்டிருக்கலாம்.

இந்தப் பொருளின் ஓர் அடுக்கில் செலினியமும் இண்டியமும் மாறி மாறி ஐந்து தளங்களாக இருக்கும். மொத்தத் தடிமன் ஏறத்தாழ 1 நானோமீட்டர். ஆல்ஃபா எனும் அணு அமைப்பில் நடுச் செலினியம் ஒரு பக்கமாக விலகி நிற்கிறது. மின்புலத்தால் அதை மறுபக்கம் தள்ளுவதுதான் 0, 1 எழுதுவது. பீட்டா எனும் அமைப்பில் அது மையத்திலேயே நிற்கிறது. அங்கே எழுத எதுவும் இல்லை.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் பீட்டாதான். சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே ஆல்ஃபா பீட்டாவாக மாறிவிடும். உலையின் வெப்பமோ அதற்கு மிக மேலே. ஆகப் படிகம் பிறக்கும்போதே பீட்டா. தடித்த கட்டி குளிரும்போது ஆல்ஃபாவுக்குத் திரும்பலாம். மெல்லிய படலம் பல வேளைகளில் திரும்புவதில்லை. மெதுவாகக் குளிர்வித்தால் போதும் என்பது அரை உண்மை. செலினியம் ஆவி குறைந்தால் வேறு சேர்மமே வந்துவிடும்.

மின்முனை வைக்கும் முன், லேசர் ஒளி படிகத்தில் பட்டுச் சிதறுவதை அளக்கும் ராமன் நிறமாலை எடுங்கள். முதன்மை உச்சி 104 அலை எண்ணுக்கு (செ.மீ.⁻¹) அருகே இருந்தால் ஆல்ஃபா, 110க்கு அருகே இருந்தால் பீட்டா. இடைவெளி சிறியது என்பதால், சிலிக்கானின் 520 உச்சியை வைத்துக் கருவியை முதலில் சரிபார்க்க வேண்டும். அடுத்தது பி.எஃப்.எம். எனும் ஊசிமுனை நுண்ணோக்கி; ஊசியால் மின்னழுத்தம் கொடுத்துப் படிகத்தின் அசைவை அளக்கும். அதில் மின்னழுத்தத்தைத் திருப்பும்போது நினைவகத்துக்குரிய வளைவு வந்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள். மேற்பரப்பில் ஏறிய மின்னூட்டமும் அதே வளைவைக் காட்டும். ஒரு சதுரம் எழுதி, அதற்குள் எதிர்த்திசையில் இன்னொன்று எழுதி, சில மணி நேரம் கழித்தும் இரண்டும் நிற்கின்றனவா என்று பாருங்கள். காசிமேட்டுப் பக்கத்துக் கடற்காற்றில் ஊசிமுனையில் நீர்ப்படலம் எளிதில் சேரும். இயன்றால் உலர் நைட்ரஜனில் அளவிடுங்கள். மைக்காவையும் உலைக்குள் வைப்பதற்குச் சற்று முன்புதான் உரிக்க வேண்டும். வீட்டில் உரித்துப் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோகும் வழக்கம் வேண்டாம்.

ஹைட்ரஜன் வாயு கலக்கிறீர்களா? செலினியத்துடன் சேர்ந்து அது ஹைட்ரஜன் செலினைடு ஆகும், கொடிய நச்சு. வெளிவரும் வாயுவைக் காரக் கரைசல் வழியாகச் செலுத்தி, ஃப்யூம் ஹூடுக்குள் (நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) விட வேண்டும். அந்த ஏற்பாடு இல்லையென்றால் உலையைத் தொடவே வேண்டாம்.

ப்ராஜெக்ட் காலம் குறைவு என்றால் என் யோசனை வேறு. ஆல்ஃபா படிகத்தை விலைக்கு வாங்கி, டேப்பால் மெல்லிய செதில்களாக உரித்து, டிரான்சிஸ்டர் செய்யுங்கள். 2019இல் பர்டியூ பல்கலைக்கழகக் குழு இந்தப் பொருளையே மின்னோட்டப் பாதையாக வைத்து டிரான்சிஸ்டர் செய்து காட்டியது. குறைக்கடத்தியும் நினைவகமும் ஒன்றே என்பதால், தனி ஃபெரோமின் (மின்புலத்தால் திருப்பக்கூடிய, தானே நிலைக்கும் மின்முனைவு கொண்ட) படலம் தேவைப்படவில்லை. வளர்ப்பதை முனைவர் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.